வீட்டுக்கு ஒரு போன்

எங்கள் ஊர்க் கல்லூரிகளில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்: "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா." வருகைப் பதிவு குறைந்தாலும், வகுப்பில் கைபேசியோடு பிடிபட்டாலும், முடியை ஒழுங்காக வெட்டாவிட்டாலும், பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தாலும் அதே மருந்து. சேர்க்கையின்போது வாங்கிவைத்த எண்ணுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு போன் போகும். மறுநாள் காலை துறைத்தலைவர் அறைக்கு வெளியே, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் திட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

பெரும்பாலான மாணவர்களுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. வீட்டில் இரண்டு நாள் வசை, அப்புறம் எல்லாம் பழையபடி. ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள் என்றோ, பெண் என்று பதிவான ஒருவர் தன்னை ஆணாகவே உணர்கிறார் என்றோ கல்லூரிக்குத் தெரியவந்து அதே போன் போனால், பலருக்கு அதோடு படிப்பு முடிந்துபோகிறது.

தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். சில ஆண்டுகள் பெண்கள் விடுதியின் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். எல்ஜிபிடி மாணவர்களுக்காக, அதாவது இப்படித் தன்பாலை விரும்புபவர்களுக்காகவும் திருநருக்காகவும், கல்லூரி என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், கருத்தரங்கு, சுவரொட்டி, வானவில் கொடி எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்வது ஒன்றுதான்: மாணவர் கேட்காமல் அந்தப் போனைச் செய்யாதீர்கள். (கீழே வரும் மாணவர்களின் ஊர், துறை, ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம்.)

போன் போனபின் நடப்பது எதுவும் ஆசிரியர்களான எங்கள் கண்ணில் படுவதில்லை. சில வாரங்கள் கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க மாமாவோ சித்தப்பாவோ வருவார். நல்ல இடம் அமைந்திருக்கிறது, கல்யாணம் என்பார். நூலகத்தில் புத்தகம் பாக்கி இல்லை, விடுதியில் கட்டணம் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். மாணவி ஏன் நேரில் வரவில்லை என்று கேட்பார் இல்லை. பிறகு தோழிகள் வழியாகத் துண்டு துண்டாகச் செய்தி வரும். கைபேசியைப் பிடுங்கிவிட்டார்கள். ஏதோ கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்தார்கள். ஒரு மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார், நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

இந்தப் போன் முதலில் எதற்காகப் பழக்கத்துக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதன் முக்கியமான வேலை சாதி தாண்டிய காதலை முளையிலேயே பிடிப்பது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பெற்றோர் நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள்" என்றுதான் சொல்வோம். எத்தனையோ பெண்களை ஆபத்தில் தள்ளிய அதே கருவிதான் இப்போது இந்தப் பிள்ளைகளையும் பிடிக்கிறது. ஆகவே இதைத் தனிப்பட்ட சிலரின் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு.

2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த சுஷ்மா வழக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மதுரையைச் சேர்ந்த, இருபது வயதை ஒட்டிய இரண்டு பெண்கள். ஒருவரை ஒருவர் விரும்பினார்கள், வீட்டில் எதிர்ப்பு, சென்னைக்கு வந்து தங்கினார்கள். இரு வீட்டாரும் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார்: தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்துவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகுதான், 2021 ஜூன் 7 அன்று, விரிவான உத்தரவு வந்தது.

அந்த உத்தரவைப் போலீஸ் தொடர்பான ஒன்றாகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதில் கல்வி நிலையங்களுக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கொண்டு பெற்றோருக்குப் புரியவைப்பது, பாலினம் பாராத கழிவறை, திருநர் மாணவர்களின் பெயரையும் பாலினத்தையும் கல்விப் பதிவேடுகளில் மாற்றித் தருவது, விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டம், இவர்களைப் புரிந்துகொண்ட ஆலோசகர்களை நியமிப்பது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. இந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. எல்ஜிபிடி சமூகத்தினரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. இன்று ஒரு காவலருக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாடு ஒரு விடுதிக் காப்பாளருக்கு இல்லை. பேராசிரியர்கள் கூடும் இடங்களில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவர். இரவு ரோந்து போன மேட்ரன், இருவரும் ஒரே கட்டிலில் படுத்திருந்ததாகப் புகார் எழுதிக் கொடுத்தார். புகாரில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் வாய்மொழியாக வேறு பலவும் சேர்ந்துகொண்டன. மறுநாள் மதியம் முதல்வர் அறையில் கூட்டம். காப்பாளர், மேட்ரன், ஒழுங்குக் குழுவின் மூத்தவர் இருவர், நான். மேசை மேல் இரண்டு மாணவிகளின் சேர்க்கைப் படிவமும் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பெற்றோர் எண் இருக்கும் பக்கம் மேலாக இருக்கும்படி மடித்து வைத்திருந்தார் எழுத்தர். என்ன முடிவு என்பது கூட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது.

எந்த விதியை மீறினார்கள் என்று கேட்டேன். ஒரு கட்டிலில் ஒருவர்தான் படுக்க வேண்டும் என்ற விதி, என்றார் காப்பாளர். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். தேர்வு நேரத்தில் பாதி விடுதி ஒரே கட்டிலில் இரண்டு பேராகப் படுத்துத்தான் படிக்கிறது, மழைக்காலத்தில் மேல்மாடி ஒழுகும்போது நாமே அப்படிப் படுக்கச் சொன்னோம், அப்போது யார் வீட்டுக்கும் போன் போகவில்லையே என்றேன். அது வேறு, இது வேறு என்றார் மூத்தவர் ஒருவர். எது வேறு என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். எழுத யாரும் முன்வரவில்லை. எழுதினால் அது ஆவணமாகிவிடும். நாளை யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டத்தை அன்று திருப்பியது என் வாதத்தின் நியாயத்தைவிட அந்தப் பேனாமீது இருந்த பயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். கல்லூரி நிர்வாகத்தில் நியாயம் நகர்த்தாததைக் காகிதம் நகர்த்தும்.

முடிவில், இரவு 10 மணிக்கு மேல் அனைவரும் அவரவர் கட்டிலில் இருக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. எல்லா மாணவிகளும் அதைச் சபித்தார்கள். அந்த இருவரும் படிப்பை முடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. தோழமையா, காதலா, வெறும் பரீட்சைப் பயமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருந்ததாகவும் நினைக்கவில்லை. ஆதரவு தருகிறேன் என்று கிளம்பும் ஆசிரியர்களில் சிலர், மாணவர் தம்மிடம் வந்து மனம்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இதுவும் ஒருவகை விசாரணைதான்.

விதிகள் நம் பக்கம் இல்லை என்று நினைப்பதும் தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிமுறைகள் 2009-இல் வந்தவை. 2016-இல் செய்த திருத்தம், ஒரு மாணவரைச் சாதி, மதம், நிறம், மொழி ஆகியவற்றின் பேரில் துன்புறுத்துவதோடு, திருநர் என்பதாலோ பாலீர்ப்பின் (யார்மீது ஈர்ப்பு என்பதன்) காரணமாகவோ துன்புறுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் ராகிங் என்றே சொல்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மாணவரும் பெற்றோரும் ராகிங் செய்யமாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்கிறார்கள். இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து, மையக்காரரே எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, அச்செடுத்துக் கொடுக்கிறார். படிப்பவர் யாரும் இல்லை. முதலாண்டு தொடக்க விழாவில் ராகிங் பற்றிப் பேச வரும் காவல் ஆய்வாளர்கூட, 1800-180-5522 என்ற உதவி எண்ணைச் சொல்லிவிட்டுச் சிறைத் தண்டனையைப் பற்றித்தான் பேசுகிறார். "ஒன்பது" என்று ஒரு பையனைக் கூப்பிடுவது இந்த விதிமுறைக்குள் வரும் என்று அவரும் சொல்வதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சொல் வகுப்பறையில் புழங்கத் தொடங்குவது பல நேரம் ஆசிரியரின் வாயிலிருந்துதான். நடை மென்மையாக இருக்கும் பையனைப் பார்த்து, "என்னப்பா, கொலுசு எங்கே?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைப்பவர்களை எனக்குத் தெரியும்; நன்றாகப் பாடம் நடத்துபவர்கள்தான் அவர்களும். கல்லூரி நாள் விழா வந்தால் நாடகத்தில் பெண் வேஷம் போட அந்தப் பையனையே தேடிப் பிடிப்பார்கள். மேடையில் கைதட்டல். மறுநாள் காலை அதே வேஷத்தின் பெயரைச் சொல்லி நடைபாதையில் விசில். அவன் நடிக்கமாட்டேன் என்றால் திமிர் பிடித்தவன். நடித்தால் ஆண்டு முழுக்க அந்தப் பெயர்.

ஒரு கல்வி நிறுவனம் தன் கையில் சிக்கியவரை எதுவரை துரத்தும் என்பதற்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் கதை இருக்கிறது. 2010 பிப்ரவரியில் அவருடைய குடியிருப்புக்குள் கேமராவோடு நுழைந்தவர்கள் அவரையும் இன்னோர் ஆணையும் படம் பிடித்தார்கள். டெல்லி உயர்நீதிமன்றத்தின் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் அப்போது தன்பாலுறவு குற்றமும் இல்லை. இருந்தும் பல்கலைக்கழகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று அவர் பக்கம் உத்தரவிட்டது. ஒரு வாரத்துக்குள் தன் வாடகை வீட்டில் அவர் இறந்து கிடந்தார். அறுபதைத் தாண்டியவர், துறைத்தலைவர், ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர். அவருக்கே இந்தக் கதி என்றால், உதவித்தொகையில் படிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இனி காகிதத்துக்கு வருகிறேன். ஒரு திருநம்பி மாணவர். பள்ளிச் சான்றிதழில் பெண் பெயர், ஹால் டிக்கெட்டில் இரட்டைப் பின்னல் போட்ட பன்னிரண்டாம் வகுப்புப் புகைப்படம். இரண்டாம் ஆண்டில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். சட்டையும் பேன்ட்டும்தான் உடை. பருவத்தேர்வில் வெளிக்கல்லூரியிலிருந்து வந்த கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஆள்மாறாட்டம் என்று முடிவுகட்டிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அது. விடைத்தாளை வாங்கிவைத்துவிட்டு எழுப்பி நிறுத்தினார். அந்தப் பெண் பெயரை உரக்கச் சொல்லி, நீதானா, நீதானா என்று கேட்டார். அறை முழுவதும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது அந்த மாணவர் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார், எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதைப்போல. நான் அடையாளம் சொல்லி, எழுதிக் கொடுத்து, விடைத்தாள் திரும்ப வருவதற்குள் முதல் பகுதிக்கான நேரம் கழிந்துவிட்டது. கூடுதல் நேரம் தர விதியில் இடமில்லை என்றார்கள்.

அன்று மாலையே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டோம்: புகைப்படத்தை மட்டும் மாற்ற முடியுமா? முடியும் என்றார்கள். ஒரு படிவம், துறைத்தலைவர் கையெழுத்து, சிறு கட்டணம். பெயரை மாற்ற வேண்டாம், பாலினத்தை மாற்ற வேண்டாம், சான்றிதழ் எதுவும் தேவையில்லை. மொட்டை போட்டுத் திரும்பும் மாணவர்களுக்காக எப்போதிருந்தோ இருக்கும் ஏற்பாடாம். இப்படிப்பட்ட சின்னக் கதவுகள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து வைத்திருப்பது ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் கட்சி.

இன்னொன்று, வரிசை எண். எங்கள் துறையில் ஒருவர் வருகைப் பதிவைப் பெயர் சொல்லி எடுப்பதில்லை, எண்ணைத்தான் சொல்வார். சோம்பல் என்று நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு. அந்த மாணவர் பிறகு சொன்னார், நாள் முழுவதும் நிம்மதியாக உட்காரக்கூடிய வகுப்பு அது ஒன்றுதானாம். வெறுக்கும் பெயரை ஒருநாளில் ஐந்து முறை கேட்டு, ஐந்து முறை "உள்ளேன் மேடம்" சொல்வது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இப்போது நானும் எண்ணுக்கு மாறிவிட்டேன்.

கழிவறை பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து மாலை திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவச் சான்றிதழோடு வருகிறார்கள். எங்கள் நூலகத்தின் பின்புறம் ஊழியர்களுக்கான ஒற்றைக் கழிவறை இருக்கிறது. அதன் சாவி நூலகரிடம். நூலகர் காரணம் கேட்கமாட்டார். உயர்நீதிமன்றம் சொன்ன பாலினம் பாராத கழிவறை என்று எங்கள் கல்லூரியில் இருப்பது இப்போதைக்கு அந்தச் சாவிதான்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். திருநங்கையருக்கு நலவாரியம் 2008-இலேயே அமைத்த மாநிலம் இது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்த பிறகு, திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். 2024-25 நிதிநிலை அறிக்கையில், உயர்கல்வி படிக்க விரும்பும் மூன்றாம் பாலினத்தவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 2020-ஆம் ஆண்டு விதிகளும், மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழைக் கொண்டு ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ள வழி வகுத்தன. ஆனால் கட்டணத்தை அரசு ஏற்றாலும், விடுதியில் எந்தத் தளத்தில் கட்டில் போடுவது என்ற கேள்விக்குக் காப்பாளரிடம் பதில் இல்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்தான், வீட்டில் இருந்துகொண்டு படிக்கும் பிள்ளை, வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து அந்தப் பக்கமே போவதில்லை. பட்டியல் விஷயத்தில், தலித் திருநங்கை ஒருவர் தன் சாதி ஒதுக்கீட்டையா, இந்த ஒதுக்கீட்டையா எதை விடுவது என்று தவிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கிரேஸ் பானு போன்றவர்கள் எல்லாப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று விடாமல் கேட்டுவருகிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை என்று அறியப்படுபவர் அவர். அவர் மகளாக ஏற்று வளர்த்த தாரிகா பானு, சித்த மருத்துவம் படிக்க ஓர் இடத்துக்காக 2017-இல் உயர்நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. கல்லூரியில் நுழைவதற்கே ஒவ்வொருவரும் ஒரு வழக்குப் போட வேண்டும் என்றால், வழக்குப் போட வசதியில்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

ஆலோசனை மையத்துக்கு வருவோம். எங்களிடமும் ஒன்று உண்டு, முதல்வர் அறைக்கு அடுத்த அறை. வாசலில் ஒரு பதிவேடு: பெயர், வகுப்பு, வந்த காரணம், கையெழுத்து. தர மதிப்பீட்டுக் குழு வரும்போது எண்ணிக்கை காட்ட வேண்டும் அல்லவா? மனம் உடைந்து வருகிற பிள்ளை "வந்த காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதும்? எல்லோரும் "படிப்பு" என்று எழுதியிருந்தார்கள், பக்கம் பக்கமாக. மனநலச் சிகிச்சை தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காப்பது அவருடைய உரிமை என்கிறது, பாலீர்ப்பை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதைக் காட்டிப் பெயருக்குப் பதில் எண் போதும் என்று மாற்றவே ஒரு பருவம் முழுக்கப் போராட வேண்டியிருந்தது.

ஆலோசகருக்கு என்ன தெரியும் என்பது அடுத்த கவலை. "மாற்றிவிடலாம்" என்று சொல்லிச் சிகிச்சை கொடுப்பது தொழில் முறைகேடு என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது. அதே ஆணையம் 2024-இல் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில் தன்பாலுறவை இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களின் வரிசையில் மறுபடி சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு இனி அதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாளைய மருத்துவருக்கான பாடத்திட்டமே இந்த லட்சணம் என்றால், டிப்ளமா முடித்துவிட்டு வரும் பகுதிநேர ஆலோசகரை நொந்து என்ன பயன்?

பெரிய நிறுவனங்களில் நிலைமை வேறு. மும்பை ஐஐடியில் 2011 முதல் சாத்தி என்ற எல்ஜிபிடி மாணவர் குழு இயங்குகிறது. சென்னை ஐஐடியில் வண்ணம் இருக்கிறது. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் விடுதியின் ஒரு தளத்தைப் பாலினம் பாராத இடமாக ஒதுக்கியது. 377-ஆம் பிரிவை எதிர்த்து 2018-இல் உச்ச நீதிமன்றம் போனவர்களில் பல ஐஐடிகளின் முன்னாள், இந்நாள் மாணவர்கள் 20 பேரும் உண்டு. இவற்றைப் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே எங்கள் கல்லூரிக்குக் கொண்டுவர முடியாது. எங்கள் மாணவர்கள் இரண்டு பஸ் மாறி வருபவர்கள். ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் படிக்கிறார்கள். ஒரு குழு தொடங்கி அறிவிப்புப் பலகையில் கூட்டத்துக்கு நேரம் போட்டால், யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்கவே வராந்தாவில் கூட்டம் நிற்கும். மாலை ஐந்தரை பஸ்ஸுக்குள் செய்தி ஊருக்குப் போய்விடும். வானவில் மாதம் என்று உலகம் கொண்டாடும் ஜூனில் எங்கள் வளாகத்தில் சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும் பெற்றோரைத் தவிர யாரும் இருப்பதில்லை என்பது வேறு கதை.

எங்களுக்குப் பொருந்துவது சத்தமில்லாத ஏற்பாடுகள். நூலகத்தில் திருநர் எழுதிய தன்வரலாறுகளைத் தனி அலமாரியில் வைக்காமல் மற்றத் தன்வரலாறுகளோடு கலந்து வைப்பது, வழங்கல் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் அங்கேயே படிக்க விடுவது. வணிகச் சட்ட வகுப்பில் ஒப்பந்தம் செய்யும் தகுதி பதினெட்டு வயதில் வருகிறது என்று நடத்தும்போது, வாக்களிக்கவும், யாரோடு வாழ்வது என்று முடிவு செய்யவும் அதே சட்டம் ஆளை நம்புகிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வது. சென்னையில் எல்ஜிபிடி மக்களுக்கான ஓரினம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன, பேச ஆள் இருக்கிறார்கள் என்பதைச் சமூகப் பணித் துறை தரும் உதவி எண்கள் பட்டியலில், தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கும் பெண்கள் உதவி எண்ணுக்கும் நடுவில் ஒன்றாக அச்சடிப்பது. தேவைப்படுபவர் கண்ணில் அது படும். மற்றவர்களுக்கு அது இன்னுமொரு வரி.

பெற்றோர் எதிரிகள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை ஒரு தந்தை தானாகவே வந்தார். கொத்தனார். மகளைப் பற்றி யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வருகைப் பதிவு எவ்வளவு என்று கேட்டார், எடுத்துக் காட்டினேன். மதிப்பெண் கேட்டார், காட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கால அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேறு ஒன்றும் இல்லையே மேடம்?" என்றார். படிப்பைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது அய்யா, நன்றாகப் படிக்கிறாள், முதுகலை சேர்த்துவிடுங்கள் என்றேன். அவர் நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள். வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பது இனி அவள் பாடு. கையில் சம்பளமும் தங்க ஓர் இடமும் இருக்கும்போது சொல்வதற்கும், விடுதியிலிருந்து பெட்டியோடு இழுத்துப் போகப்படும்போது தெரியவருவதற்கும் உள்ள வித்தியாசம், படிப்பை முடிக்கவிடும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான்.

உயிருக்கு ஆபத்து என்றால்கூடச் சொல்லக் கூடாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மருத்துவமனையில் இருக்கிறாள் என்று சொல்வது வேறு, ஏன் என்று நாமே ஊகித்துச் சொல்வது வேறு. அதோடு, யாருக்குச் சொல்வது என்பதை அந்தப் பிள்ளையிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளலாமே. சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வழக்கில், குடும்பத்தை அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை, ஒருவர் தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்று சொல்லியிருக்கிறது.

அந்தத் தைரியத்தில், சேர்க்கைப் படிவத்தில் "அவசரத்துக்குத் தொடர்புகொள்ள மாணவர் விரும்பும் நபர்" என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். குழுவில் ஒருவர், பெற்றோரைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டார். அத்தை, அக்கா கணவர், பள்ளியில் பாடம் நடத்திய டீச்சர், கூடப் படித்து இப்போது திருப்பூரில் வேலை செய்யும் தோழி என்று அடுக்கினேன். அனாதைப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று முதல்வரே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தார். அதுவே தீர்மானத்திலும் ஏறியது. பழைய படிவங்கள் இன்னும் சில கட்டுகள் மீதம் இருக்கின்றன, அவை தீர்ந்தபின் புதியதை அச்சுக்குக் கொடுக்கலாம் என்று அலுவலகக் கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார். மீதமிருக்கும் கட்டுகளில் கையாலேயே அந்தக் கட்டத்தை வரைந்து கொடுக்க எங்கள் துறை மாணவர்கள் சிலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.